இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம்

விசுவாவசு, புரட்டாசி 4, சனிக்கிழமை

காலை அனுட்டானம் முடிந்து, நெற்றியில் நீறு உலர்வதற்குள் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். வாங்க வேண்டியது கற்பூரம். போய் நின்றது முகம்மது கவுஸ் பாயின் ஹார்டுவேர் கடை வாசலில். இந்த மாதத்தில் இப்படிக் கால் வழிதவறுவது முதன்முறையன்று.

கண்ணாடிக்கு அப்பால் அது வீற்றிருக்கிறது. உள்ளங்கைகள் இரண்டை விரித்தாற்போன்ற வட்டத் தகடு. அதன் விளிம்பெல்லாம் பற்கள். பிடியை அழுத்தி இறக்கினால் எத்தனை அகலப் பலகையையும் நூல் பிடித்தாற்போல் குறுக்கே அறுத்துவிடுமாம். கடையில் அதற்குக் கட்டிங் மிஷின் என்று பெயர். உற்சவ மூர்த்தியைக்கூட நான் இத்தனை நேரம் இமைக்காமல் பார்த்ததில்லை.

தரிசனம் முடித்து வீடு திரும்பினேன். கற்பூரம் வாங்கவில்லை.

புரட்டாசி 6, திங்கட்கிழமை

கோயில் மண்டபத்தில் வழக்கமான திங்கள் சொற்பொழிவு. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, பிறர் வாக்குமூலத்தைப் பதிவு செய்த வாய்க்கும் கைக்கும் இது ஒரு வடிகால். இன்றைய பொருள்: பற்றறுத்தல். அடியார்கள் எப்படி மண், பொன் அனைத்தையும் துரும்பெனத் தள்ளினார்கள் என்று விரித்துரைத்தேன். "அறுக்க வேண்டும்" என்று சொன்னபோதெல்லாம் உள்ளே ஒரு வட்டத் தகடு சுழன்றது. யாருக்குத் தெரியப்போகிறது?

முடிந்தபின் செல்லமுத்து வந்து கையைப் பற்றிக்கொண்டான். பள்ளித் தோழன், என்னை ஒருமையில் பேச ஊரில் மிச்சமிருப்பவன்.

"இன்னா கண்ணாயிரம், இன்னிக்கு பேச்சு ரொம்ப உருக்கம். அறுக்கணும் அறுக்கணும்னு சொல்லிக்கினே இருந்த, ஒங் கண்ணே கலங்கிப் போச்சி."

கலங்கியது உண்மை. காரணம் அவனுக்குத் தெரியாது.

புரட்டாசி 7, செவ்வாய்க்கிழமை

எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில், தெருக்கோடி முருகன் கோயிலில் பெண்கள் கூடிப் பாடுவார்கள். ஒலிபெருக்கி நம் வீட்டுச் சமையலறைச் சன்னலை நோக்கியே கட்டப்பட்டிருக்கிறது. இன்று அடுக்களைப் பக்கம் போனபோது என் மனைவி அமிர்தம் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. என்னைக் கண்டதும் கீரையை ஆயத் தொடங்கிவிட்டாள்.

சித்திரையில் அவளுக்கு முழங்கால் அறுவை நடந்தது. நடக்கிறாள், படியேறுகிறாள். தரையில் உட்காரக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலியுடன் கோயிலுக்குப் போனாள். பாதிப் பாட்டிலேயே திரும்பிவிட்டாள்.

"எல்லாரும் தரையில ஒக்காந்துகினு கீறாங்க, நான் மட்டும் ஒசரத்துல. நான் இன்னா தாசில்தாரா, அவங்க மனு குடுக்க வந்தவங்களா? என் கால்மாட்டுல சாமிப் பாட்டு பாடறாங்க. நான் போவலிங்க."

அதன்பின் போகவில்லை. முப்பது ஆண்டு பாடிய இடம்.

ஆனி மாதத்தில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன்: தரைக்கு அருகிலேயே இருக்கும், ஆனால் எழவும் வசதியாக இருக்கும், கால் வைத்த மணை ஒன்றை என் கையாலேயே செய்து தருகிறேன் என்று. "ஆசாரிகிட்ட சொன்னா அரை நாள்ல முடிச்சி குடுப்பாருங்க" என்றாள். ஆசாரியா? பின்கட்டில் எனக்கென்று ஒரு பட்டறை எதற்கு இருக்கிறது? அன்றிலிருந்து துளையிடும் கருவி வந்தது, தேய்க்கும் கருவி வந்தது, வளைத்தறுக்கும் கருவி வந்தது. ஒவ்வொன்றும் "இது மட்டும் இருந்தால் போதும்" என்று சொல்லியே வந்தது. மணை வரவில்லை.

ஐப்பசியில் சஷ்டி. ஆறு நாளும் பாட்டு. அதற்குள் முடித்தாக வேண்டும்.

அதற்கு நேராக அறுக்க வேண்டும். என் கைவாளுக்கு நேர்மை கிடையாது. ஆகவே—

ஆகவே என்ன, ஆகவே! பற்றறுத்தல் பேசிய வாய்.

புரட்டாசி 10, வெள்ளிக்கிழமை

வாங்கிவிட்டேன்.

கவுஸ் பாய் கண்ணாடிக் கதவைத் தாமே திறந்தார். "வாங்கய்யா. வெளிய நின்னு பாத்தது போதும், உள்ள வந்து பாருங்க. அதுவும் ஒங்கள தினம் பாத்துகினுதான் கீது."

உள்ளே போனபிறகே நினைவு வந்தது, வெள்ளிக்கிழமை முற்பகல், இராகு காலம். பொருள் தொடக் கூடாது. வெளியேறினால் மனம் மாறிவிடலாம். முக்காலியில் அமர்ந்துவிட்டேன். தேநீர் வந்தது. இரண்டாம் தேநீரும் வந்தது. பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அய்யா, ஒங்க ராகு போறதுக்கும் நான் தொழுகைக்கு கெளம்பறதுக்கும் நடுவுல கொஞ்சூண்டு நேரந்தான் கீது. அதுக்குள்ள பில்லு போட்டுக்கலாமா?"

அந்தக் கொஞ்சூண்டு நேரத்தில் பில் போடப்பட்டது. இரு சமயங்களும் சேர்ந்து ஆசீர்வதித்த இயந்திரம் கள்ளக்குறிச்சியில் வேறு இருக்காது.

"இன்னா வேலைங்க எடுத்திருக்கீங்க?" என்றார்.

"ஒரு மணை."

"ஒரு மணைக்கா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லதுங்க, தாராளமா பண்ணுங்க" என்று முடித்தார். வணிகர் நாகரிகம் பெரிது.

ஆட்டோவிலிருந்து பெட்டி இறங்கியதும் அமிர்தம் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். "மணை வரும்னு பாத்தேன். மணையோட மாமியா வந்துகீது."

புரட்டாசி 11, சனிக்கிழமை

பெட்டி கூடத்தில் இருக்கிறது. ஆயுத பூசைக்கு முன் திறப்பதில்லை என்று உறுதி பூண்டேன். புலனடக்கத்துக்கு இதுவும் ஒரு பயிற்சி.

புரட்டாசி 12, ஞாயிற்றுக்கிழமை

திறந்தேன்.

புரட்டாசி 15, புதன்கிழமை

ஆயுத பூசை. பட்டறைக் கருவிகள் அனைத்தையும் துடைத்து வரிசைப்படுத்தி, நடுநாயகமாகப் புதிய இயந்திரத்தை இருத்தினேன். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழ் வைப்பது என்ற ஐயம் எழுந்தது. சக்கரமே இல்லாததால் அருகில் வைத்தேன்.

அடுத்து, பொட்டு எங்கே இடுவது? அறுக்கும் பலகை சாய்ந்து நிற்பதற்காகப் பின்புறம் ஒரு தடுப்புத் தகடு நிமிர்ந்து நிற்கிறது. அகன்று, வழவழப்பாக, நம்மைப் பார்த்தபடி. நெற்றி என்றால் அதுதான் நெற்றி. வலப்பக்கம் கம்பெனிக்காரன் தன் பெயரை ஒட்டியிருந்தான். இடப்பக்கம் இட்டேன். நானே இழைத்த சந்தனம். கெட்டியாக, தாராளமாக, அதன்மேல் ஒரு சிட்டிகை குங்குமம். மூன்று நாள் தவமிருந்த கை சிக்கனம் பார்க்குமா?

தட்டில் பொரியும் சுண்டலும் வைத்தபடி அமிர்தம் சொன்னாள்: "எனக்கு கல்யாணத்தன்னிக்கு கூட இவ்ளோ சந்தனம் வெக்கல."

இயந்திரத்தின்மேல் வெண்பா ஒன்று கட்ட முயன்றேன். ஈற்றடியில் மோட்டார் வந்து தளை தட்டியது. விட்டுவிட்டேன்.

புரட்டாசி 16, வியாழக்கிழமை

விசயதசமி. பூமாலையைக் கழற்றிவிட்டு இயக்கினேன். (மாலையோடு இயக்கப் போனவனைத் தடுத்தவள் அமிர்தம். இதைப் பதிவு செய்வது நியாயம்.) சந்தனத்தைத் துடைக்கவில்லை. இறைவன் பெயரால் இட்டதை நாம் அழிப்பது முறையன்று. தானே உதிர வேண்டும்.

முழக்கம்! ஓதிக்கொண்டிருந்த பதிகம் என் காதுக்கே எட்டவில்லை. எதிர்வீட்டு நாய் தெரு தாண்டி ஓடிற்று. ஒரு பழைய விறகுத் துண்டு வெண்ணெயாய்ப் பிளந்தது.

மகிழ்ச்சி. வெட்கம். மகிழ்ச்சிதான் அதிகம்.

புரட்டாசி 20, திங்கட்கிழமை

பலாப் பலகையை இறக்கினேன். வெள்ளிமலையில் இருக்கும் பூமாலை என்னோடு நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். அவர் கொல்லையில் காற்றுக்கு விழுந்த மரத்தை அறுத்துக் கொடுத்த பலகை. இரண்டாண்டுக்கு முன் மலைப் பேருந்தில் கொண்டுவந்தேன். நடத்துனர் பலகைக்கும் டிக்கெட் போட்டார். வளைவுதோறும் நான் நின்றுகொண்டு வந்தேன். அது இரண்டு இருக்கைக்கு நடுவில் சாய்ந்து சுகமாக வந்தது. பரணில் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலகைக் கால்கள், மேலே ஓர் இருக்கை. ஒவ்வொரு காலையும் தடுப்பில் சாய்த்து ஒரு முனையை அறுத்து, திருப்பிப் போட்டு மறுமுனையை அறுத்தேன். மஞ்சள் பொழிந்தது. பட்டறை, வேட்டி, மீசை, இயந்திரம் எல்லாம் பலாத் தூளின் மஞ்சள். முழுக்குடத்து மஞ்சள் நீராட்டு என்றே தோன்றியது.

அறுத்த முனை நேர்கோணமா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கியதைச் சோதிப்பது நம்பிக்கைக் குறைவல்லவா?

புரட்டாசி 26, ஞாயிற்றுக்கிழமை

மணையைக் கூட்டிப் பசையிட்டு, திருகாணி முடுக்கி, எண்ணெய் தேய்த்து, நல்ல நேரம் பார்த்துக் கூடத்தில் வைத்தேன். அமிர்தத்தை அழைத்தேன். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். முகம் மலர்ந்தது.

"ஒசரம் நல்லாத்தான் கீது."

பிறகு எழ முயன்றாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். மணை அவளைப் பின்னோக்கிச் சாய்த்து வைத்துக்கொண்டு விட மறுத்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழவில்லை, நான் குனிந்துவிட்டேன். இருவரும் சிரித்தோம். மூன்றாம் முறைக்குப் பின் அவள் சிரிக்கவில்லை. தூணைப் பிடித்து ஒருவழியாக எழுந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"வுடுங்க. அத்தினி பேர் நடுவுல எழுந்துக்க முடியாம தவிக்கறதுக்கு நான் வூட்லயே பாடிக்கிறேன்."

வீட்டில் எங்கே பாடுகிறாள்? சன்னலண்டை உதடு அசைக்கிறாள், அவ்வளவுதானே!

மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு விளிம்பு மற்றதைவிட ஒரு விரற்கடை தாழ்வு. நேரா அறுக்கத் தெரியாத மிஷினு! இன்னாத்துக்கு இவ்ளோ வெல? பல்லு மட்டும் வரிசையா வச்சிட்டா ஆச்சா? நாளைக்கி போறேன். கேக்கற கேள்வியில பாய் ஆடிப்போவணும்.

புரட்டாசி 27, திங்கட்கிழமை

நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

இயந்திரத்தை மடியில் ஏந்தி ஷேர் ஆட்டோவில் போனேன். கடையில் கூட்டம்; அதுவும் நல்லதுக்கே என்று எண்ணினேன். மேசைமேல் அதை நிறுத்தி, வழக்குரைஞர்களிடம் நான் கேட்டுக் கேட்டு ஊறிய நடையில் தொடங்கினேன். நம்பி வாங்கியவனை ஏமாற்றுவது அறமா, கருவி என்பது கையின் நீட்சியன்றோ, கோணல் கருவி கோணல் மனத்தைவிடக் கொடிதன்றோ என்றெல்லாம். பெயிண்ட் வாங்க வந்தவர்கூட டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதோ, இந்தத் தடுப்புத் தகடு! இது நேராக இருக்கிறதா என்று அனைவரும் பாருங்கள்!" என்று முழங்கி, அதன்மேல் படிந்திருந்த மஞ்சள் தூளை ஒரே வீச்சில் உள்ளங்கையால் வழித்தேன்.

கை பாதியில் நின்றது.

ஒரு புடைப்பு. கல்லாய் இறுகியிருந்தது. ஓரத்தில் மங்கிய குங்குமம்.

சந்தனமும் பலாத் தூளும் ஒரே நிறம். தகட்டோடு ஒட்டி நிற்க வேண்டிய பலகை, ஒரு பக்கம் அந்தப் பொட்டின்மேல் ஏறி நின்றிருக்கிறது. அறுத்த ஒவ்வொரு முனையும் கோணல். பெற்றோர் எனக்குக் கண்ணாயிரம் என்று பெயரிட்டார்கள். ஒன்று இருந்திருந்தால் போதும்.

கவுஸ் பாய் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சிரிப்பை எங்கோ பத்திரப்படுத்தும் முகம்.

"அய்யா, இது கம்பெனி குடுத்தது இல்லிங்களே."

"இல்லை."

"துணி தரேன், நீங்களே எடுத்துடுங்க. சாமிக்கு வெச்சது, நான் கை வெக்க மாட்டேன்."

ஈரத்துணி வைத்து நெகிழ்த்தி, நகத்தால் நெம்பினேன். முழு வில்லையாகப் பெயர்ந்து வந்தது. குப்பைக் கூடையில் போட மனம் வரவில்லை, பூசித்த பொருள். துண்டு முனையில் முடிந்துகொண்டேன். பெயிண்ட் வாங்க வந்தவர் டப்பாவை எடுத்துக்கொண்டார். பாய் மூன்றாம் தேநீர் வரவழைத்தார். குடித்தேன். வேறென்ன செய்வது?

இன்று மாலைச் சொற்பொழிவின் பொருள்: அகந்தை. உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பினேன்.

புரட்டாசி 28, செவ்வாய்க்கிழமை

வில்லையை விபூதிச் சம்புடத்தில் வைத்திருக்கிறேன். அமிர்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "பாயிகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?" என்றாள். தேநீர் குடித்தேன் என்றேன்.

மணையைப் பிரித்து, கால்களை நேராக அறுத்துவிடலாம் என்று தேடினேன். கூடத்தில் இல்லை, பட்டறையில் இல்லை. சமையலறையில் அவள் அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டை ஒரு கையில் ஏந்தி எழுந்தாள். தூண் இல்லை. என் கை இல்லை. எழுந்து, அடுப்புக்குப் போய், வெங்காயத்தை வாணலியில் கொட்டினாள்.

"எப்படி?"

"திருப்பிப் போட்டுகினேன்."

"என்ன?"

"முன்ன பின்ன மாத்திப் போட்டேங்க. எறக்கம் முன்னால வந்துச்சா, அதுவே புடிச்சி எழுப்பி வுடுது. நீங்க பாயிகிட்ட சண்டைக்கு போனீங்க இல்ல, அப்பவே பாத்துட்டேன்."

"அந்தக் கோணலை நீக்கி, முறையாக நேர்செய்து—"

"தொட்டீங்கன்னா பாருங்க."

கத்தி அவள் கையில் இருந்தது. வாதத்தைத் தொடரவில்லை.

ஐப்பசி 5, புதன்கிழமை

சஷ்டி முதல் நாள். மூன்று மணிக்கு அமிர்தம் பட்டுச்சேலை எடுத்தாள். வாசலில் நின்று, "எது முன்பக்கம்னு அங்க போய் தடுமாறக் கூடாது" என்றாள். இருக்கையின் முன்விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மிகச் சிறியதாக. எனக்கும் கொஞ்சம் அறிவு வளர்ந்திருக்கிறது.

அவள் முன்னே நடந்தாள். நான் மணையை மார்போடு அணைத்துப் பின்னே நடந்தேன், பல்லக்கின் பின்னால் கவரி தூக்குபவன்போல. செல்லமுத்து எதிர்ப்பட்டு வாய் திறந்தான். என் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான்.

பெண்கள் வரிசையில் நடுவே இடம் விட்டார்கள். உட்கார்ந்தாள். தலைகள் ஏறக்குறைய ஒரு மட்டம். தாசில்தாருமில்லை, மனுதாரருமில்லை. நான் ஆண்கள் பக்கத்துத் தூணருகில் இருந்தேன். எத்தனை பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் தெரியாது. எழ முடியாமல் போனால் நான் ஓடிப்போக எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்பதையே கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாராதனை மணி அடித்தது. எல்லோரும் எழ வேண்டும்.

முதலில் எழுந்தவள் அமிர்தம்.

பக்கத்தில் மணிமொழி இன்னும் தரையில் கையூன்றிக்கொண்டிருந்தாள். இவளைவிட ஐந்து வயது இளையவள். அண்ணாந்து பார்த்து, "இன்னாக்கா, ஸ்பிரிங்கு கிங்கு வெச்சிருக்கியா?" என்றாள்.

அமிர்தம் கைகூப்பியபடி, "வூட்டுக்காரர் செஞ்சாரு" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாயிரம், இதை இங்கே எழுதுகிறாயே, இதற்குப் பெயர் என்ன? அகந்தை. திங்கட்கிழமை பேசத் தவறிய அதே தலைப்பு.

ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை

மணிமொழிக்கு ஒன்று வேண்டுமாம். அவள் நாத்தனாருக்கு ஒன்று. கோயிலில் விளக்குப் போடும் அம்மாளுக்கு ஒன்று. செல்லமுத்து வந்து, "ஆம்பளைங்களுக்கும் முட்டி கீதுப்பா" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டான். வெள்ளிமலைக்குப் போன் போட்டுப் பேசினேன். காய்ந்த பலகை இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். பேருந்தில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார் பூமாலை.

கார்த்திகை 6, சனிக்கிழமை

மணிமொழியின் மணை முடிந்தது. இம்முறை தடுப்பைத் துடைத்தேன், மூலைமட்டம் வைத்தேன், அறுத்தேன். அளவாய் ஒரு சாய்வு வேண்டுமென்று இயந்திரத்தின் கோண முள்ளைச் சற்றே நகர்த்தினேன். என் வாழ்நாளில் இத்தனை துல்லியமாக எதையும் செய்ததில்லை.

உட்கார்ந்து பார்த்தவள் வழுக்கி முன்னே வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. அக்கா ஒக்கார்றாங்களே, அது மாதிரிதான் வேணும். இது சறுக்கு மரமா கீது."

முள்ளைக் குறைத்தேன். இப்போது மணை வெறும் மணை; எழுப்பவும் இல்லை, சாய்க்கவும் இல்லை. மறுபடி கூட்டினேன். மறுபடி சறுக்கல்.

அமிர்தம் வாசற்படியில் நின்று பார்த்தாள். "அந்த வில்லைய இன்னா பண்ணீங்க?"

கார்த்திகை 7, ஞாயிற்றுக்கிழமை

விபூதிச் சம்புடத்தைத் திறந்தேன். வில்லை உடையாமல் இருந்தது. நீராடி, நீறு பூசி, ஒரு சொட்டுப் புதுச் சந்தனம் தொட்டு, தடுப்பின் இடப்பக்கம் அது முன்பு இருந்த தடத்திலேயே ஒட்டினேன். உலரவிட்டேன்.

பூசை என்று எண்ணி அளவுகோல் வைத்திருந்தேன். இப்போது அளவுகோல் என்று தெரிந்தே பூசை செய்கிறேன். எது மேல் என்று தெரியவில்லை.

மணிமொழி உட்கார்ந்தாள். எழுந்தாள். பணத்தை நீட்டினாள். வாங்கவில்லை. "அப்ப பொங்கலுக்கு கரும்பு அனுப்பறேன்" என்றாள். மறுக்க மனமில்லை. பற்று.

மார்கழி 1, செவ்வாய்க்கிழமை

இருள் பிரியுமுன் அமிர்தம் கோலம் போட்டுவிட்டு மார்கழிப் பாட்டுக்குக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். மணையை இப்போது அவளே இடுக்கிக்கொண்டு போகிறாள்; நான் தூக்கிக்கொண்டு வந்தால் பெண்கள் சிரிக்கிறார்களாம். "பாலை அடுப்புல வெச்சிருக்கேன், பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனாள்.

சன்னலண்டை நின்றேன். ஒலிபெருக்கியில் ஐந்தாறு குரல்கள். அவள் குரல் இரண்டாம் அடியில் எப்போதும் அரை இழை கீழே இறங்கும். முப்பது ஆண்டுகளாகத் திருத்தியிருக்கிறேன். இன்றும் இறங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் உதடுகளும் அசைந்தன போலும்.

பால் பொங்கி வழிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அடுப்பைத் துடைத்துவிட்டேன். அவளிடம் சொல்வதாக இல்லை.